கை பொய் சொல்லாது

"உள்ளே என்ன இருக்குன்னு தெரியாம இதையே செஞ்சு காட்டுங்க, பாப்போம்."

அதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். 'நீ வாயைத் திறந்தா எல்லாம் கெட்டுப்போயிடும்.' மகள் திறந்துவிட்டாள். நீட்டிய கையை மடக்கக்கூட மறந்து நின்றாள் அம்மா.

டாக்டர் சிரித்தார். முதுகெலும்பைத் திருகிச் சொடக்கெடுத்து நோய் தீர்க்கும் கைரோபிராக்டிக்காரர். பின்னால் கொக்கியில் ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பு தொங்கியது. வெள்ளைக் கோட்டில் இருந்த விறைப்பு பேச்சிலும் இருந்தது.

"என்னம்மா, எனக்கே பரீட்சையா?"

பரீட்சைதான். போன மாதம் இதே அறையில், அம்மாவின் வலிப்பு மாத்திரையை அவளுடைய இடது கையில் வைத்து, வலது கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, மேலிருந்து அழுத்தினார். கை விழுந்தது. "பாத்தீங்களா, உடம்பே வேணாங்குது" என்றார். பிறகு தன்னுடைய சொட்டு மருந்துப் புட்டியை வைத்து அழுத்தினார். கை விழவில்லை. அன்றைக்கே அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

பல வருடமாக எட்டிப்பார்க்காத வலிப்பு முந்தாநாள் வந்தது. அடுப்படியில், கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்கு எதிரே. மகள் தலைமுடியைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் முகம் சட்டிக்குள் போயிருக்கும். அதற்குப் பிறகும் மாத்திரையைத் தொட மாட்டேன் என்கிறாள் அம்மா. "தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மகள் கைப்பையிலிருந்து ஒரே மாதிரி மடித்த இரண்டு பொட்டலங்களை எடுத்தாள். "ஒண்ணுல மாத்திரை, ஒண்ணுல மிட்டாய்னு வச்சுக்குங்க. எதுல எதுன்னு கை சொல்லட்டும்."

"தாராளமா. முதல்ல உன் வாட்சு, கம்மல் எல்லாம் கழட்டித் தட்டுல வை. பக்கத்துல உலோகம் இருந்தா குறுக்கிடும்." அவள் விரலைப் பார்த்தார். "மோதிரம் இருக்கட்டும்."

வாட்சு குறுக்கிடுமாம், மோதிரம் குறுக்கிடாதாம். உலோகத்துக்கும் ஆள் பார்த்து நடந்துகொள்ளத் தெரியும் போலிருக்கிறது.

அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் அவள். அதுவும் இயற்பியல். ஆனால் இந்த வித்தையைக் கண்டுபிடிக்க அதெல்லாம் வேண்டாம், கதவைத் தள்ளத் தெரிந்த குழந்தையே போதும். மாத்திரை என்றால் இவர் மணிக்கட்டில் அழுத்துகிறார். சொட்டு மருந்து என்றால் முழங்கைக்கு மேலே அழுத்துகிறார். அவ்வளவுதான் விஞ்ஞானம்.

முதல் பொட்டலம் அம்மாவின் கைக்குள் போனது. டாக்டர் கண்ணைப் பாதி மூடி, ஏதோ தேவ ரகசியம் கேட்பவர்போல் தலையைச் சாய்த்து அழுத்தினார். கை அசையவில்லை.

"மிட்டாய்."

இரண்டாவதற்கு விரல்கள் மெல்ல மணிக்கட்டுக்கு நகர்ந்தன. கை தொப்பென்று விழுந்தது.

"இதுதான் மாத்திரை. சந்தேகமே இல்ல. மனுஷன் பொய் சொல்வான், கை பொய் சொல்லாது."

மகள் இரண்டு பொட்டலங்களையும் பிரித்து மேசையில் கொட்டினாள். இரண்டிலிருந்தும் அதே வெள்ளை மாத்திரைதான் உருண்டது.

"கை ஒண்ணுமே சொல்லல. நீங்கதான் சொன்னீங்க."

டாக்டரின் காது சிவந்தது. "நம்பிக்கை இல்லாத ஆளு பக்கத்துல நின்னா ரிசல்ட் மாறும்."

"அப்ப அதையும் புட்டியில எழுதி ஒட்டிடுங்க. குலுக்கிச் சாப்பிடவும், கேள்வி கேக்குறவங்க கைக்கு எட்டாம வைக்கவும்."

"சும்மா இருடி!" அம்மா பதறினாள். "தம்பி, மனசுல வச்சுக்காதீங்க. படிச்ச புள்ள, வாய் கொஞ்சம் நீளம்."

"பரவாயில்லைங்க." சிரிப்பு மறுபடி வந்து ஒட்டிக்கொண்டது. "போகப்போக நான் சரி பண்ணிடறேன்." யாருடைய முதுகெலும்பையோ திருகுவதைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

அம்மாவின் விரல்கள் மேசையில் கிடந்த மாத்திரையை நோக்கி நகர்ந்தன. டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் சுருங்கிக்கொண்டன. அம்மாவின் கண்ணில் இருந்தது நம்பிக்கை இல்லை, பயம். மகளுக்கு அது முந்தாநாளே தெரியும்.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு" என்றாள்.

காலையிலேயே சோப்புப் போட்டுத் தளர்த்தி வைத்திருந்த மோதிரம் சிரமமில்லாமல் கழன்றது. அதை இடது உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினாள். யாரும் தொடவில்லை. கை தானாகவே விழுந்தது.

"பாத்தீங்களா? உடம்பே வேணாங்குது."

மோதிரம் தட்டில் விழுந்து ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்தது. டாக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தொங்கிய முதுகெலும்புக்கும் அவருக்கும் அப்போது பெரிய வித்தியாசமில்லை.

வாட்சையும் கம்மலையும் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை அம்மாவின் கையில் திணித்துவிட்டு, அவள் கதவைத் திறந்தாள். வெளியே வரிசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டே சொன்னாள்:

"மாத்திரையைப் போடும்மா. இவரு இனி உனக்கு மாப்பிள்ளை இல்ல."