கடைசி சிமென்ட் பூ

“எங்கப்பா இங்கருந்துதான் விழுந்தாருன்னு எழுதிக் குடுங்க.”

இதைக் கேட்கவே கூடாது, அப்பாவின் கொத்துக்கரண்டியை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பணும் என்று சொல்லித்தான் அம்மா கூட்டி வந்தாள்.

“வண்டியில போய் விழுந்தாருன்னு உங்கம்மாவே கைநாட்டு வெச்சிருக்கே,” என்றார் வீட்டுக்காரர். “பால் காய்ச்சப் போற வீடு பாப்பா. சாவு விழுந்த வீடுன்னு ஆயிடக்கூடாது.”

நிமிர்ந்து பார்த்தேன். மாடி விளிம்பில் அப்பா வரிசையாகப் பதித்த சிமென்ட் பூக்கள். கடைசிப் பூ மட்டும் சாய்ந்திருந்தது. அதன்மேல் நான்கு விரல்கள் கீழே இழுத்த தடம் காய்ந்து இறுகியிருந்தது.

“அதை நாளைக்கு உடைச்சு வேற வெச்சிருவோம்.”

அம்மா என் துப்பட்டாவைப் பிடித்தாள். “படிச்ச திமிருல பேசாதடி. வா.”

அவள் பெருவிரலில் மை இன்னும் போகவில்லை. அந்த விரலை மெல்ல விலக்கினேன். பூவைப் படம் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும் வழியைக் காலையிலேயே கேட்டு வைத்திருந்தேன்.