உலகம் நம்பாத சாவு

போரில் ஒருவர் இறந்தது உண்மையா என்பதை உலக மக்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்த காலம் அது. முடிவைக் குடும்பத்தாருக்கு ஃபோனில் சொல்வதுதான் சென்னையில் பூங்கோதைக்கு வேலை.

அன்று முதலில் காஸாவில் ஒரு தாயிடம் பேசினாள். "உங்கள் மகன் இறந்ததைப் பெரும்பாலானவர்கள் நம்பவில்லை அம்மா. உடலைத் தர மாட்டார்கள்."

"அப்படியானால் அவன் எப்போது வீட்டுக்கு வருவான்?"

பூங்கோதை தடுமாறி இணைப்பைத் துண்டித்தாள். மேற்பார்வையாளர் முறைத்தார்.

அடுத்து இஸ்ரேலில் ஒரு தகப்பன். அவருடைய மகளின் சாவையும் பொய் என்றே முடிவு செய்திருந்தார்கள். அப்படி ஓட்டுப் போட்டவர்கள் மட்டும் வேறு ஆட்கள்.

"அவள் என் மடியில்தானே செத்தாள்!" என்று கத்தினார்.

இந்த முறை பூங்கோதை தடுமாறவில்லை. பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னாள்.

"அது உங்கள் கருத்து, ஐயா."