எதிரியின் சட்டை

பிரான்சின் அல்சாஸ் பகுதியிலுள்ள சிற்றூர் அது. ஆண்டு 1921. முதல் உலகப் போரில் மாண்ட ஊர்க்காரர்களுக்கு எழுப்பப்படும் நினைவுக்கல்லில் தன் மகன் தியபோவின் பெயர் இடம்பெறாது என்று கேள்வியுற்ற சலோமே, நேரே மேயரின் அறைக்குள் நுழைந்தாள். கல்தச்சர் அங்கே மேயரிடமிருந்து பெயர்ப்பட்டியலைப் பெற்றுக்கொண்டிருந்தார்.

"எம்மவன் பேரை ஏன் ஐயா விட்டீங்க?"

"இது பிரான்சுக்காகச் செத்தவங்களுக்கு வைக்கிற கல்லும்மா. உம்மவன் ஜெர்மன் சட்டை போட்டுச் செத்தவன்."

"ஆசைப்பட்டா போட்டான்?"

"எதுக்குப் போட்டா என்ன? எதிரி எதிரிதான்."

சலோமே ஒரு பழைய காகிதத்தை மேசைமேல் அறைந்தாள். ஏழாண்டுகளுக்கு முன் வந்த கட்டாயப் படைச்சேர்ப்பு ஆணை அது.

"அப்போ இந்த ஊரு ஜெர்மனியிலதானே இருந்துச்சு? சண்டை முடிஞ்சுதானே பிரான்சுக்கு வந்தோம்? உங்க பட்டியல்ல இருக்கிற ரெண்டு பேரும் எல்லை தாண்டி ஓடிப் பிரான்சுப் படையில சேர்ந்தவங்க. மத்த முப்பது பிள்ளைங்களும் அந்தச் சட்டையிலதான் செத்தாங்க. அடியில யாரு கையெழுத்துன்னு படிங்க."

மேயர் படிக்கவில்லை. கல்தச்சர் எட்டிப் படித்தார். அன்றும் இதே மேயர்தான், கையெழுத்தும் அவருடையதே.

"அன்னைக்கு ஓடிப்போனவனைத் துரோகின்னீங்க. நீங்க சொன்னபடி போனவன் இன்னைக்கு எதிரியா?"

கல்தச்சர் பட்டியலைத் திருப்பி நீட்டினார். "நான் என்ன ஐயா செதுக்கட்டும்?"

மேயர் தலை நிமிராமல் சொன்னார்:

"முப்பத்திரண்டு பேரோட பேரையும் செதுக்குங்க. எந்த நாட்டுக்காகச் செத்தாங்கன்னு மட்டும் போடவேணாம்."