அண்ணன் இருக்கிறார்

ஏழாம் ஜன்னலுக்கு முன்னால் வந்து உட்கார்ந்த பெண், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். துடைத்ததால் ஒன்றும் தெளிவாகிவிடவில்லை என்பது அவள் கண்ணைச் சுருக்கியதில் தெரிந்தது.

ஜன்னலுக்கு உள்ளே இருந்த சரிபார்ப்பு அதிகாரி, வருகிற பெண்களை எல்லாம் "சொல்லுங்கம்மா" என்றுதான் வரவேற்பார். இன்று "சொல்லுங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார். கண்ணைத் திரைக்குத் திருப்பிக்கொண்டார்.

குரலைக் கேட்டதும் அவள் தலையை லேசாகச் சாய்த்தாள்.

"பார்வைக் குறைவு உதவித்தொகை சார். மனு போட்டிருந்தேன்."

மனுவை இயந்திரம் ஏற்கெனவே படித்து முடித்திருந்தது. அந்த அலுவலகத்தில் படிப்பதும் முடிவெடுப்பதும் அதன் வேலை. ஆனாலும் இயந்திரத்தை மட்டும் நம்பி யார் வயிற்றிலும் அடித்துவிடக் கூடாது என்று மேலிடத்துக்கு நல்ல எண்ணம். அதனால் ஒவ்வொரு முடிவையும் ஒரு மனிதர் சரிபார்த்தாக வேண்டும் என்று விதி வைத்தார்கள்.

திரையில் இரண்டு பொத்தான்கள். 'சரி' என்பதை அழுத்தினால் வேலை முடிந்தது. 'சரியில்லை' என்பதை அழுத்தினால் ஏன், எப்படித் தெரியும், எங்கே விசாரித்தீர்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்வி வரும். போதாக்குறைக்கு அத்தனையையும் மேலாளர் படிப்பார்.

எதை அழுத்துவார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? ஏழாம் ஜன்னல்காரருக்கு அலுவலகத்தில் 'சரி சார்' என்றே பெயர்.

ஓரவஞ்சனை வந்துவிடக் கூடாதே என்று திரையில் பெயர்களையும் மறைத்திருந்தார்கள். மனுதாரர், அவ்வளவுதான். பெயரை மறைத்தவர்கள் முகத்தை மறைக்க மறந்துவிட்டார்கள்.

இயந்திரம் தன் முடிவை மரியாதையாகவே எழுதியிருந்தது.

'மனுதாரர் தையல் வேலை செய்தவர். பார்வை பெரிதும் குறைந்துவிட்டது. இப்போது வருமானம் இல்லை. எனினும் தந்தையின் வீட்டில் தமக்குரிய பங்கை அண்ணனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆயுள் முழுவதும் தங்கையைக் கவனித்துக்கொள்வதாக அண்ணன் அந்தப் பத்திரத்தில் உறுதி கூறியிருக்கிறார். அண்ணனுக்கு மாதச் சம்பளம் உண்டு. ஆகவே உதவி தேவையில்லை.'

அவர் அதை மறுபடியும் படித்தார். இத்தனை வருடத்தில் அந்த அண்ணனைப் பற்றி இவ்வளவு உயர்வாக யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

"அண்ணன் பாத்துக்கறாரு, அதனால தேவையில்லைன்னு மெஷின் சொல்லுது," என்றார், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அவள் சிரித்துவிட்டாள். அதில் கோபம்கூட இல்லை.

"மெஷின் பாவம் சார். எழுதியிருக்கறத அப்படியே நம்புது. நானும் நம்பித்தானே கையெழுத்துப் போட்டேன்."

ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனதிலிருந்து, தைக்கக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகத் துணியைத் திருப்பி வாங்கிப் போய்விட்டார்கள். குடியிருக்கும் அறையை இந்த மாதத்தோடு காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். தொகை வந்தால் இருக்கலாம், வராவிட்டால் எங்கே போவது என்று தெரியாது. அதுவும் மனுவிலேயே இருந்தது.

அவருடைய விரல் 'சரி'யின் மேல் போய் நின்றது. பழகிய இடம். அழுத்தினால் 'தங்கமான மனுஷன்' என்று வாங்கி வைத்திருக்கும் பெயருக்கு ஒரு கீறலும் விழாது.

எட்டாம் ஜன்னலுக்குத் தள்ளிவிடலாமா என்றும் தோன்றியது. எட்டாம் ஜன்னல்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் 'சரி'யை அழுத்துகிறவர். பழியும் அவர் தலையோடு போகும்.

"நிஜமாவே அவர் பாத்துக்கலையா?" என்று கேட்டார். கேட்டபிறகு வெட்கமாக இருந்தது.

"அத நீங்கதானே விசாரிக்கணும்? விசாரிங்க சார்."

விசாரித்தார். வாயைத் திறக்காமலே நடந்த விசாரணை என்றாலும் நெடுநேரம் நடந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

பிறகு 'சரியில்லை'யை அழுத்தினார்.

ஏன்?

'அண்ணன் சல்லிக்காசு கொடுத்ததில்லை' என்று தட்டினார்.

எப்படித் தெரியும்?

'அண்ணனை நேரில் விசாரித்தேன். ஒப்புக்கொண்டார்.'

இதில் ஒரு பொய்யும் இல்லை என்று அவருக்கு ஓர் அற்ப சந்தோஷம். இயந்திரம் விடுவதாக இல்லை.

எங்கே விசாரித்தீர்கள்?

விரல் நின்றுவிட்டது. மேலாளர் படிப்பார். மாலைக்குள் அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிடும். அந்த வீட்டுப் பத்திரத்தைத் தோண்டி எடுத்தாலும் எடுப்பார்கள். காது மடல் வரைக்கும் சுட்டது.

'ஏழாம் ஜன்னலில்' என்று தட்டினார். அது போதாது என்று பட்டது. 'உள்பக்க நாற்காலியில்' என்று சேர்த்தார்.

"கெடைச்சிரும்," என்றார். அவளை நிமிர்ந்து பார்த்துச் சொன்னது அது ஒன்றுதான்.

"வர்றேன் சார்," என்று எழுந்தாள் தங்கை.

அவள் சுவரைத் தடவிக்கொண்டே வாசலை அடைவதற்குள் திரையில் பதில் வந்துவிட்டது.

'நன்றி. உங்கள் திருத்தம் மேலாளருக்கு அனுப்பப்பட்டது. இதிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டோம். இனி எந்த மனுவிலும், அண்ணன் இருக்கிறார் என்பதை ஆதரவாகக் கணக்கில் எடுக்க மாட்டோம்.'

அதன் கீழே இந்த முறை ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது.

'சரி'யை அழுத்தினார்.