இரண்டாவது ஒப்புதல்

லாரி பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடும். அதற்குள் சரக்கு வாங்கும் ஸ்வீடன்காரரிடம் பணத்தை எந்த வழியில் வாங்குவது என்று ஹில்யா முடிவு செய்தாக வேண்டும்.

உறைபெட்டியில் முந்நூறு கிலோ மீன்முட்டை கிடந்தது. சுப்பீரியர் ஏரி நவம்பரில் கொடுப்பது. மிச்சிகனில் அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்; ஸ்வீடனில் பொன் விலை கொடுத்துத் தின்பார்கள். இந்தச் சரக்கு போய்ப் பணம் வந்தால் படகுக் கடன் அடையும். வராவிட்டால் மாதக் கடைசியில் படகு கைவிட்டுப் போய்விடும்.

போனால் போகட்டும் என்று அவளால் விட முடியாது. அதில்தான் ஞாயிறுதோறும் ஆர்வோவைத் தேடிப் போகிறாள்.

ஆர்வோ அவள் கணவர். போன நவம்பரில் ஏரியில் விழுந்தவர். உடல் கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காதவரை இறந்ததாகச் சான்றிதழ் தர மாட்டார்கள். கோர்ட்டில் மனுப்போட்டு வாங்கலாம் என்றார்கள்; அவளுக்குத்தான் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. அவருடைய போனும் அவரோடு போயிற்று. அந்த எண்ணுக்குக்கூட மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருந்தாள். பைத்தியக்காரத்தனம்தான், அவளுக்கே தெரியும்.

சமையலறை மேசையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து ஏலக்காய் ரொட்டியைக் காப்பியில் தோய்த்துக்கொண்டிருந்தான் ஆர்வோவின் தம்பி வெய்க்கோ. கார்டில் வாங்கிவிடுங்கள் என்று காலையிலிருந்து ஒரே பாட்டு.

கார்டு சுலபம்தான். ஆனால் வாங்கியவர் நாலு மாதம் கழித்துக்கூட, சரக்கு கெட்டுப்போய் வந்தது என்று ஒரு வரி எழுதிப் பணத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளலாம். மீன்முட்டையைத் திருப்பியா அனுப்பப் போகிறார்கள்?

“ஸ்வீடன்காரன் நல்லவன் அண்ணி. திருடினாக்கூட ரசீது கொடுத்துட்டுத்தான் திருடுவான்,” என்றான் வெய்க்கோ.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பை நம்பிச் சரக்கு அனுப்ப முடியுமா?

வங்கி உத்தரவாதக் கடிதம் என்று இன்னொரு வழி இருந்தது. காகிதத்தில் ஒரு எழுத்து பிசகினாலும் பணம் நின்றுபோகும். ஒற்றைப் படகுக்காரர்களுக்குக் கட்டுப்படியாகாத சமாச்சாரம். மிஞ்சியது, பணத்தை நேரே வங்கிக் கணக்குக்கு வரவழைப்பது. முதலில் பணம், பிறகு சரக்கு. வந்தது வந்ததுதான்.

அதில் ஒரு முட்டுக்கட்டை. வெளிநாட்டுப் பணத்துக்குக் கணக்கைத் திறந்துவிட இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும். கணக்கு தொடங்கும்போது ஆர்வோ கேட்டு வாங்கிய நிபந்தனை அது. ஒருத்தர் ஏமாந்தாலும் இன்னொருத்தர் விழித்திருக்க வேண்டுமே என்பார்.

காலையில் வங்கியைக் கூப்பிட்டுக் கேட்டாயிற்று. பேசிய பெண் நல்ல மாதிரி. அவர் போனுக்கும் கோரிக்கையை அனுப்பிவிடுங்கள், பத்து நிமிடத்தில் பதில் வராவிட்டால் கோரிக்கை தோற்றதாகப் பதிவாகும், அந்தப் பதிவை வைத்து மேலாளரே திறந்துவிடுவார் என்றாள். தோற்பதற்கென்றே ஒரு கோரிக்கை.

இவ்வளவு கூத்து எதற்கு, கார்டு என்றால் யாரையும் கேட்க வேண்டாமே என்று வெய்க்கோ மறுபடி ஆரம்பித்தான். அவள் காதில் வாங்காமல் பொத்தானை அழுத்தினாள்.

கோரிக்கை அனுப்பப்பட்டது என்றது கணினி. கீழே, இரண்டாவது ஒப்புதல் தர வேண்டியவர் என்ற இடத்தில் ஆர்வோவின் பெயர்.

அந்தப் பெயரைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. காப்பியைச் சூடாக்கலாம் என்று எழுந்தாள். பத்து நிமிடத்தை எப்படியாவது தள்ள வேண்டும்.

அடுப்பைப் பற்றவைக்கக்கூட இல்லை. கணினி சத்தம் கொடுத்தது.

ஒப்புதல் கிடைத்தது. விரல்ரேகை சரிபார்க்கப்பட்டது.

ஹில்யா குனிந்து இரண்டு தரம் படித்தாள். உயிரோடு இருக்கிறார். எங்கேயோ கரையேறி, எந்த ஊரிலோ, என்ன கோபத்திலோ இருக்கிறார். எங்கே வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். இருக்கிறாரே, அது போதும்.

“வெய்க்கோ, இங்க வந்து பாரு. உங்கண்ணன் இருக்காரு.”

அவன் எழுந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். மென்றுகொண்டிருந்த வாய் அப்படியே நின்றது.

“இருக்காது அண்ணி. போன் அண்ணனோட உள்பைலதான் இருந்துச்சு. தண்ணில விடறதுக்கு முன்னாடி நான்தானே ஜிப்பை இழுத்து மூடினேன்.”

ஷெரீப்பிடமும் பாதிரியாரிடமும் அவளிடமும் ஒரு வருஷமாக அவன் சொல்லிவந்தது வேறு. அன்றைக்குப் படகில் சுக்கானைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்து நின்றேன், தண்ணீர்ச் சத்தம் கேட்டுத் திரும்பினால் அண்ணனைக் காணோம் என்பான்.

என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை. திரையையே வெறித்துக்கொண்டிருந்தான். அவன் மூச்சு அவள் பின்கழுத்தில் பட்டது.

ஹில்யா திரும்பவில்லை.

ஒரு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் படகை ஓட்டியவன் வெய்க்கோ. இதோ, இங்கேதான் அண்ணன் விழுந்தார், இங்கே தேடுங்கள் அண்ணி என்று இடம் காட்டியவனும் அவன்தான்.