நனைக்காத துணி

தையல் பழகத் தொடங்கிய வசுமதி, புதுப் பருத்தித் துணியை மேசையில் விரித்துச் சாக்கட்டியால் கோடு போட்டாள்.

"அண்ணே, என்னை இன்னும் தண்ணியில நனைக்கவே இல்ல. நனைஞ்சா சுருங்கிடுவேன். கொஞ்சம் பொறுங்க" என்று துணி கத்தரிக்கோலிடம் கெஞ்சியது.

"கோடு போட்டா வெட்டுவேன். மத்ததெல்லாம் எனக்கெதுக்கு?" என்றது கத்தரிக்கோல்.

குர்த்தா கச்சிதமாக அமைந்தது. வசுமதி கண்ணாடி முன்னால் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். துணிக்குப் பெருமை பிடிபடவில்லை, பயந்ததையே மறந்துவிட்டது.

முதல் துவையலுக்குப் பிறகு குர்த்தா அவள் தோளைத் தாண்டி இறங்கவில்லை. பிடித்து இழுத்ததில் அக்குள் கிழிந்தது.

துணி மறுபடியும் மேசைக்கு வந்தது. கத்தரிக்கோல் வாயைத் திறந்தது.

"அண்ணே, இந்தத் தடவை கோடுகூடப் போடலையே!"

"அடுப்பு துடைக்கிற துணிக்கு எதுக்குக் கோடு?" என்றது கத்தரிக்கோல்.