நடு இடம்

கலையின் முன் அனைவரும் சமம். ரஷ்யாவின் யூரல் மலையடிவாரத்து பாலே நடனப் பள்ளி ஒன்றின் வாசலில் இப்படித்தான் பொன்னெழுத்தில் பொறித்திருந்தார்கள். அதற்கு நேர் கீழே எடை பார்க்கும் இயந்திரம் இருந்தது.

"ஐம்பத்திரண்டு!" நர்ஸ் ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்.

வரிசையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வெளியே ஐம்பத்திரண்டு கிலோ பெண்ணைப் பார்த்தால் 'ஒழுங்கா சாப்பிடறியா?' என்று விசாரிப்பார்கள். இங்கே வகுப்பிலேயே அதுதான் அதிகம்.

தைசியா இயந்திரத்திலிருந்து இறங்கினாள். நாலு வருஷமாகப் பயிற்சிக் கூடத்தில் அவள் இடம் கதவோரம். சாப்பாட்டு அறையில் அவளுக்கு எதிர் நாற்காலியில் உட்காருவது அவளுடைய பைதான்.

சுவரோரப் பிடிகம்பில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் அங்கே தலையெழுத்து. நடுவில் நிற்பவளுக்கு ஜூன் மாத விழாவில் தனி நடனம். கதவோரம் நிற்பவளுக்கு மரம், மேகம், போன வருஷம் எலி. தேர்வில் தோற்றால் அதுவும் கிடையாது, நேரே வீட்டுக்கு ரயில்.

அந்த வாரக் கடைசியில் தேர்வு. அமைச்சகத்திலிருந்து ஐந்து பேர் குழு வருகிறது. 'கூடம் முழுவதும் புதுப்பிக்கப்பட்டுவிட்டது' என்று தலைமை ஆசிரியை ரிம்மா அர்க்காதியெவ்னா மூன்று பக்க அறிக்கை அனுப்பியிருந்தார். புதிதாக வந்தது திரைச்சீலை மட்டும்.

"பல்பு கேட்டா அடுத்த மாசம், ஆணி கேட்டா அடுத்த மாசம், கால் வழுக்காம தரை நனைக்கிற பூவாளியும் ஓட்டை. நான் எதை வச்சு என்ன பண்றது மேடம்?" என்று புலம்பினார் பராமரிப்புக்காரர் எகோர்.

"கலையைப் பேசுற இடத்துல ஆணியைப் பேசாதீங்க!" ரிம்மா கையை ஒரு வீசு வீசினார். நாற்பது வருஷத்துக்கு முன் மேடையில் அன்னமாக ஆடிச் செத்த அதே கை.

பிறகு அவர் நர்ஸ் கொடுத்த பட்டியலை மேலும் கீழும் பார்த்தார். "தைசியா, நீ நடுவுக்கு வா."

கூடமே திரும்பிப் பார்த்தது. நடுவில் நின்ற எல்வீராவுக்கு முகம் சிவந்துவிட்டது. "மேடம், அது என் இடம்!"

"உன் காலடியில தரை கீச்சிடுது. அவ நிக்கட்டும்."

தைசியா போய் நின்றாள். முழங்காலை மடக்கினாள், நிமிர்ந்தாள், காலை வீசினாள். தரை மூச்சுக்கூட விடவில்லை.

ரிம்மா கண்ணை மூடிக்கொண்டார். "கேட்டீங்களா? சத்தமே இல்ல. பாதம்னா இது பாதம்!"

அன்று மாலை சாப்பாட்டு அறையில் அந்தப் பையின் நாற்காலி பறிபோயிற்று. ஒரே அறையில் நாலு வருஷம் தூங்கியும் பேசாத வர்வாரா அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "என் கொண்டை ஊசி வேணும்னா எடுத்துக்கோடி. உனக்குத் தனி நடனம் வந்தா என்னை மறந்துட மாட்டியே?"

அதற்குள் ரிம்மா ஒரு தட்டு ப்ளினி தோசையைப் புளித்த பாலாடையோடு அனுப்பிவைத்தார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'நன்றாகச் சாப்பிடு கண்ணே. தேர்வு வரை இளைத்துவிடாதே.' தைசியா அந்தச் சீட்டை நாலாக மடித்துக் காலணிக்குள் வைத்துக்கொண்டாள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவள் சாப்பிட்டாளா என்று கவலைப்பட்ட முதல் ஆள் ரிம்மாதான்.

அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அம்மாவுக்கு ரொட்டிக் கடையில் வேலை, இங்கிருந்து இரண்டு நாள் ரயில்.

"அம்மா, நான் இப்ப நடுவுல நிக்கறேன்."

"நடுவுலன்னா?"

"ஜூன்ல தனியா ஆடுவேன்."

அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. மறுநாள் அம்மாவே கூப்பிட்டாள். "ரயில் டிக்கெட் எடுத்துட்டேன்டி. நாலு மாடிக்கும் சொல்லிட்டேன். மூணாம் மாடிக்காரி இருக்காளே, அவ நம்பல. படம் எடுத்துட்டு வான்னா!"

தேர்வன்று ரிம்மா கலையைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். குழுவில் ஒருவர் தூங்கினார், ஒருவர் ஜன்னல் வழியே பனி உருகுவதைப் பார்த்தார்.

தைசியா அன்று ஆடியது போல் என்றும் ஆடியதில்லை. நடு இடத்தில் அவள் ஒற்றைக் காலில் நின்றபோது, அந்தக் கால் அவளுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. அடியில் தரை பட்டு மாதிரி கிடந்தது.

ஐந்துக்கு நாலு மதிப்பெண். தேறிவிட்டாள். கண்ணாடி போட்ட உறுப்பினர் எழுந்து போகும்போது குறிப்பேட்டில், 'கூடம் சிறப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மதியம் தனி நடனத்துக்கான பெயரை ஒட்டுவார்கள். தைசியா காலையில் எல்லோருக்கும் முன்னால், பூவாளியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். தன் இடத்தைத் தன் கையாலேயே நனைக்க வேண்டும் போலிருந்தது.

அங்கே எகோர் மண்டி போட்டிருந்தார். கையில் சுத்தியல், உதட்டில் எதையோ கவ்வியிருந்தார்.

"மாமா, அது என் இடம். கொஞ்சம் நகருங்க."

"இன்னைலேந்து மறுபடி எல்வீராவாம். மேடம் சொல்லிட்டாங்க."

"ஏன்? நான்தான் பாஸ் பண்ணிட்டேனே!"

எகோர் உதட்டிலிருந்ததை உள்ளங்கையில் துப்பிக் காட்டினார்.

"ஆணி வந்துடுச்சும்மா. இனிமே இந்தப் பலகைய அமுக்கிப் பிடிக்க ஐம்பத்திரண்டு கிலோ வேண்டாம்."